கண்காட்சியில் என் சப்பாத்து

டொரொன்டோ

அன்புள்ள உம்மாவுக்கு, இன்ஃபாஸின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

போன ஞாயிறு உங்கள் மூத்த மகன், நம் காக்காவின் மகள் ஸாரா என்னை ஒரு கலைக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனாள். ஒசாகா நகரத்துக் கலைஞர் ஒருவர் ஜப்பானிய வீட்டறை ஒன்றை அப்படியே செய்து வைத்திருந்தார். வாசலில் வரிசையாகச் செருப்புகள். நானும் என் வேலைச் சப்பாத்தைக் கழற்றி அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாயில் கால் வைத்தேன். காவலாளி ஓடிவந்து என்னை ஓரமாகக் கூட்டிப் போய்க் கண்டித்தார்.

திரும்பி வந்து சப்பாத்தை எடுக்கக் குனிந்தால், இன்னொரு காவலாளி மறித்தார். கலைப்பொருளைத் தொடக்கூடாதாம்! நாலைந்து பேர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். ஓட்டைச் சொக்ஸுடன் பக்கத்தில் நின்ற என்னை யாரும் பார்க்கவில்லை. ஐந்து வருடத்தில் இந்த ஊர் மதித்தது என் சப்பாத்தை மட்டும்தான்.

"ஸாரா, இது என்ட சப்பாத்து எண்டு சொல்லுங்க மகள்" என்றேன். அவள் போனைப் பார்த்தபடி அடுத்த அறைக்குள் போய்விட்டாள். வேலையிடத்தில் மாறிப்போகாதிருக்கச் சப்பாத்துக்குள்ளே என் பெயர் எழுதியிருந்ததால், அதைக் காவலாளிக்குக் காட்டித் தப்பினேன்.

வெளியே வந்ததும், "சொரி சாச்சா, அங்க என்ட ஃப்ரெண்ட்ஸ் நிண்டவங்க" என்றாள். உம்மா, இதைக் காக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் நாலு சோடி சொக்ஸ் கொடுத்துவிடுங்கள். இங்கேயும் வாங்கலாம், ஆனாலும் அனுப்புங்கள்.

பஸ் வருகிறது. நம் வீட்டு வாசலில் கிடக்கும் என் செருப்பை உங்கள் மருமகன் போடுகிறாராம். போடட்டும். கழற்றினால் அதே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்ஃபாஸ்