மூன்றாம் மாடிக்கு நீ ஏறி வந்த சனிக்கிழமை

இன்று காலை அலுவலகத்துக்குப் புதுக் கணினிகள் வந்தன. முதல் பெட்டியைப் பிரித்ததுமே புதுப் பிளாஸ்டிக்கும் அட்டையும் கலந்த அந்த வாடை எழுந்தது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாடை உன்னிடம்தான் கொண்டுபோய் விடுகிறது.

மலாக்காவில் அந்தச் சின்னக் கணினிக் கடையில் நாம் இருவரும் ஒரே மாதம் சேர்ந்தோம். நான் பாயா ரும்புட்டிலிருந்து வருவேன். நீ பெம்பானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தும் எனக்கு முன்னால் வந்துவிடுவாய். அப்போது ஒவ்வொரு கணினிக்கும் விண்டோஸை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இருபது கணினி என்றால் இருபது தடவை அதே கேள்விகள், அதே பதில்கள். உனக்கு அது பிடிக்காது. “ஒரு தடவ சரியா செஞ்சி அதையே எல்லாத்துக்கும் காப்பி எடுக்கணும் லா” என்பாய்.

தொண்ணூறுகளின் கடைசி வருடம் உன் உடம்பு மோசமானது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது. அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும், படி ஏறவே கூடாது என்றார் டாக்டர். கடை முதலாளி தவுக்கே உன் இடத்துக்கு வேறு ஆள் தேட ஆரம்பித்தார். அப்போதுதான் நீ அவரிடம் ஒரு கணினியை வீட்டுக்குக் கேட்டாய். ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி ஓடுவதுபோல் காட்டும் மென்பொருள் புதிதாக வந்திருந்தது. அதற்குள் விண்டோஸையும் மற்ற எல்லாவற்றையும் ஏற்றி, அந்த முழு வட்டையும் அப்படியே நகலெடுத்து ஒரே இமேஜாகக் கொடுத்துவிடுகிறேன் என்றாய்.

“பத்து தடவ கெட்டாலும் உள்ள இருக்கறதுதானே கெடும். அழிச்சிட்டுத் திரும்பச் செய்வேன். இது ஓடிச்சின்னா வீட்லேருந்தே வேல பாக்கலாம்.”

முதல் வேலை ஒரு தனியார் கல்லூரி. மூன்றாம் மாடியில் நாற்பது கணினிகள், லிஃப்ட் கிடையாது. திங்கட்கிழமை வகுப்பு. நீ கொடுத்த சிடியோடு சனிக்கிழமை காலை நான் தனியாகப் போனேன். ஐந்து கணினிகளில் ஏற்றிப் பார்த்தேன். ஐந்தும் பாதியில் உறைந்து நின்றன.

உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் அம்மா எடுத்தார்.

“இப்பதாம்மா கண்ண மூடினா.”

“எழுப்புங்க ஆண்ட்டி, அவசரம்” என்றேன்.

நீ போனில் நிதானமாகச் சொல்லச் சொல்ல எனக்குப் பதற்றத்தில் எதுவும் ஏறவில்லை. அழுதுவிட்டேன். “சரி, அங்கேயே இரு. நான் வரேன்” என்றாய்.

வராதே என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல். அது என் வாயில் வரவில்லை.

மதியம் படியில் உன் செருப்புச் சத்தம் கேட்டது. நாலு படி, ஒரு நிறுத்தம். நான் ஓடி இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாய். உதடு கறுத்திருந்தது.

“போயிடலாம் லா, திங்கக்கிழம என்ன ஆனாலும் ஆவட்டும்” என்றேன்.

“இவ்ளோ ஏறிட்டேன். மூச்சு வரட்டும், இரு.”

மேலே வந்து ஒரு கணினியைப் பத்து நிமிடம் பார்த்தாய். உன் வீட்டுக் கணினிக்குள் ஓடிய அந்தப் போலிக் கணினியின் பாகங்களைத்தான் இமேஜ் இன்னும் தேடிக்கொண்டிருந்தது. இங்கே இருந்தவை வேறு. பழைய பட்டியலை நீக்கி, எதிரில் இருப்பதைக் கண்டுகொள்ள வைத்தாய். அதிலிருந்து புது இமேஜ் எடுத்தாய். நீ நாற்காலியில் இருந்து சொல்ல, நான் ஒவ்வொன்றாக ஏற்றினேன். சாயங்காலம் நாற்பது திரையும் ஒளிர்ந்தன. நீ கைகொட்டிச் சிரித்தாய். கீழே கடையில் பால் சேர்க்காத டீ, சூடாக ஒரு தே ஓ குடித்தாய்.

திங்கட்கிழமை தவுக்கே சம்மதித்தார். நீ வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அதைப் போனில் சொன்னபோது நீ பேசியதுதான் நான் கேட்ட உன் கடைசிக் குரல். அதிலிருந்து பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாய். அறுவை சிகிச்சைக்கான தேதிக் கடிதம் அதற்கும் பிறகுதான் வந்ததாம்.

துக்கத்துக்கு நான் உன் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்கு அவ சந்தோஷமா இருந்தாளாம்மா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

படி ஏறியதால் இல்லை, இதயம் முன்பே தளர்ந்துவிட்டது என்று டாக்டர் உன் அண்ணனிடம் சொன்னார். பிறகு நானும் யார் யாரிடமோ கேட்டேன். யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை டாக்சியில் உன்னை வீட்டுக்குக் கூட்டிப் போனபோது, உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது என்றேன். கண்ணை மூடியபடியே சொன்னாய்: “நீ அழலேன்னாலும் வந்திருப்பேன் லா. நான் செஞ்சது. ஓடுதான்னு நான் பாக்க வேணாமா?”

என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். நீ உண்மையைச் சொன்னாயா, என்னைத் தேற்றினாயா என்று இன்றுவரை தெரியவில்லை. நம்ப முடிகிற நாட்களில் சாப்பிடுகிறேன், சிரிக்கிறேன், வேலை பார்க்கிறேன். இன்று முடியவில்லை.