கேக் ஓவனில் ஒரு ஜோடி இன்சோல்

மார்ச் 4, செவ்வாய்

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சைக்கிளில் போக ஆரம்பித்த வருடத்தை எண்ணில் கேட்டால் எனக்குத் தெரியாது. கண்ணாடித் தொழிற்சாலை எரிந்தது, ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்தது, என் மகன் பிறந்த கையோடு மஞ்சள் காமாலையில் கிடந்தான் — எல்லாம் அந்த ஒரே வருடம். நான் மர அறுவை மில்லில் இருந்தேன். ஞாயிறு விடுமுறை விட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

இறக்கத்தில் எல்லோரும் பறக்கும்போது ஒருத்தன் மட்டும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவான். அவனுக்குப் பேரே பிரேக்கு ஆகிவிட்டது. என்னை அவசரம் என்பான். இப்போது இடுப்பு எலும்பு உடைந்து, அணைக்கு அந்தப்பக்கம் மகள் வீட்டில் இருக்கிறான். மாதம் ஒரு ஞாயிறு நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பஸ்ஸும் போகிறது. ஆனால் அவனுக்கு நான் மிதித்துக்கொண்டு வருவதைப் பார்க்க வேண்டும். மாத்திரைக்குக்கூட இப்படிக் காத்திருக்க மாட்டார் என்கிறாள் அவன் மகள்.

போன வாரம் சிக்னலில் வலது கால் விரல்கள் மரத்துப்போயின. பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ அது; விடுவிக்க முடியவில்லை. சைக்கிளோடு சாய்ந்தேன். முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். மகன் இரைந்தான்: "இன்னொரு தடவை விழுந்தீங்க, சைக்கிளை எடைக்குப் போட்டுருவேன். பாத்துக்குங்க."

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். திருத்தக் கூடாது என்று பேச்சு.

மார்ச் 6, வியாழன்

சைக்கிள் கடைக்காரரிடம் காலைக் காட்டினேன். நனைந்த பாதத்தைக் காகிதத்தில் வைக்கச் சொன்னார். முழுப் பாதமும் பதிந்தது. உள்வளைவு தட்டையாகிவிட்டதாம், பாரமெல்லாம் விரல் மூட்டில் இறங்குகிறதாம். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் போடும் இன்சோல் ஒரு ஜோடி கொடுத்தார். ஓவனில் லேசாகச் சூடு காட்டினால் இளகும். சூட்டோடு ஷூவுக்குள் வைத்துக் காலை விட்டால் பாதத்தின் வடிவம் ஏறிவிடும். "பழைய இன்சோலை மறக்காம எடுத்துருங்க பெரியவரே. சூடு ரெண்டு மூணு தடவை தாங்கும், அதுக்கு மேல வேணாம்."

மார்ச் 8, சனி

வீட்டில் ஓவன் என்றால் மருமகளின் கேக் ஓவன்தான்.

"நாளைக்குப் பிறந்தநாள் கேக்கு குடுக்கணும் மாமா. ஷூ வாசனையோடயா குடுக்கறது?"

"புதுசும்மா, என் கால் இன்னும் படவே இல்ல."

"பட்டிருந்தா வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன்."

(இதையெல்லாம் எழுதணுமா மாமா என்கிறாள். எழுது.)

தட்டில் காகிதம் விரித்து வைத்தாள். ஓரம் தொய்ந்ததும் துணியால் பிடித்து எடுத்துக் கொடுத்தாள். ஷூவில் செருகி, பட்டையை இறுக்கி, சமையலறைத் தரையில் சிலை மாதிரி நின்றேன். உள்ளங்காலில் வெதுவெதுப்பாக ஏதோ ஏறி வந்து முட்டுக் கொடுத்தது. சரியாக வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தெருமுனையைத் தாண்டவில்லை, குதிகாலில் குடைச்சல். விரல்கள் முன்னைவிடச் சீக்கிரம் மரத்தன. இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். மகன் வாசலில்தான் இருந்தான். சைக்கிளை வாங்கிச் சுவரில் சாத்தினான். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 11, செவ்வாய்

பிரேக்கு போன் செய்தான்.

"என்னடா அவசரம், வர்றியா?"

"காலு சரியில்லடா."

"உனக்கு வாயைத் தவிர எது சரியா இருந்துச்சு?" சிரித்தான். அப்புறம், "சரி, சௌகரியப்பட்டா வா" என்றான். சௌகரியம் என்கிற வார்த்தையை அவன் என்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஏன் சொன்னான்? நான் வரமாட்டேன் என்று முடிவே கட்டிவிட்டானா?

மார்ச் 12, புதன்

மருமகள்தான் கண்டுபிடித்தாள். இன்சோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குதிகால் குழியா இருக்கு, முன்னாடி பதியவே இல்ல. சாய்ஞ்ச தட்டுல மாவு ஊத்தின கேக்கு மாதிரி" என்றாள். ஷூவைத் தரையில் வைத்தோம். அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கட்டை இருப்பதால் விரல் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குதிகால் கீழே, விரல் மேலே. அந்த ஷூவோடு தரையில் நின்றால் பள்ளத்தில் பின்பக்கமாகச் சரிகிற நிற்பு. இத்தனை வருடம் அதைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்தவன் நான்; எனக்குத் தோன்றவில்லையே!

"சைக்கிள்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருந்துதான் பண்ணணும் மாமா."

மார்ச் 15, சனி

சைக்கிள் வீட்டுக்குள் வந்தது. முன்சக்கரம் சுவரில் முட்ட, நான் மேலே. ஆனால் யாராவது பிடிக்க வேண்டும். இன்சோலுக்கு மறுபடி சூடு காட்டுகிற மருமகள் ஓவனை விட்டு நகர முடியாது.

"என்னங்க, வந்து மாமாவைப் பிடிங்க!"

"நானா? இதை விக்கணும்னு சொன்னவனே நான்தான்."

"வித்துட்டு அப்புறம் பேசுங்க. இப்ப பிடிங்க, ஆறிடும்!"

பிடித்தான். ஷூவைப் பெடலில் பூட்டி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க அசையாமல் உட்கார்ந்தேன். அவன் கை என் முதுகில். அவனுக்கு நான் சைக்கிள் பழக்கினபோது பின்னால் ஓடினவன் நான். இப்போது சைக்கிளும் ஓடவில்லை, யாரும் ஓடவில்லை.

"முதுகெலும்பு கையில தட்டுதுப்பா. ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?" என்றான். ஆறும்வரை கையை எடுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஏரியைச் சுற்றி வந்தேன். ஐந்து விரலும் இருக்கின்றன.

மார்ச் 23, ஞாயிறு

விடியும் முன் கிளம்பினேன். அணை ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அது வயசுக்கோளாறு, இன்சோல் என்ன செய்யும். கால் மரக்கவில்லை. சிக்னலில் காலை எடுத்துத் தரையில் வைத்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பக்கத்துக் காரில் இருந்தவர் என்னவோ ஏதோ என்று பார்த்தார்.

பிரேக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "கழட்டு, பாக்கலாம்" என்றான். அவனுக்கும் என் அளவுதான். ஷூவுக்குள் காலை விட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

"டேய், உள்ள உன் காலு உக்காந்திருக்குடா."

"எடுத்துடு, இறுக்கும்."

"இரு. அதுக்குள்ள என்ன அவசரம்."

டீ குடித்து முடியும்வரை ஒற்றை ஷூவோடே இருந்தான்.

சாயங்காலம் திரும்பிவிட்டேன். இதைச் சொல்லும்போது மருமகள் கேட்கிறாள், அந்த அஞ்சு பேர்ல இப்ப யாரு மாமா இருக்காங்க என்று. வெல்டர் நெஞ்சு வலியில் போனான், நாற்பதுகூட ஆகவில்லை. பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்தான். தபால்காரன் போன மழைக்காலத்தில், தூக்கத்திலேயே. என்னைச் சேர்க்காதே, நான் சொல்கிறவன்.

பிரேக்கு இருக்கிறான்.