கட்டுத்துவக்கின் முதல் சூடு

மச்சான், கேட்டுக்கொள், நான் வீட்டில் பொருத்திய துவக்கு இன்று காலை சூட்டுப் பயிற்சி ரேஞ்சில் தன் முதல் சூட்டைச் சுட்டுவிட்டது, ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், நீ மட்டும் அங்கே இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும்கூட.

மேசையில் உன் காலுறை கிடக்கிறது. சாம்பல் நிறம், குதியில் ஓட்டை. மாமி போடும் சலவைத் தூளின் வாசமும் துவக்கு எண்ணெயின் வாசமும் சேர்ந்து அதிலிருந்து வருகின்றன. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை மாமி அதைக் கொண்டுவந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி நீட்டினா.

"இது என்னெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. அவன்ர மேசை லாச்சிக்குள்ள கிடந்தது. உன்ர பேர் எழுதிக் கிடக்கு."

உள்ளே என் போல்ட். துவக்கின் குழலைப் பின்பக்கமாக அடைக்கும் இரும்புத் தண்டு. ரவை வெடிக்கும்போது அந்த வேகம் சுடுகிறவரின் முகத்துக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அதுதான். நீ அதைக் களவெடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து என் துவக்கு வெறும் பொலிஷ் போட்ட தடி. போல்ட்டோடு ஒரு நைலோன் நூற்கண்டும் இருந்தது. சுத்தமாகச் சுற்றி, நுனியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை. நூலைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. செத்த பிறகும் நீ சொன்னபடிதான் நான் செய்ய வேண்டுமாம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சனி ஞாயிறில், ஒரே வகுப்பில் இருந்துதான் துவக்கு லைசன்ஸ் எடுத்தோம். உனக்கு என்னைவிட இரண்டு மார்க் கூட. அதை ஒரு வருசம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். பிறகு நீ கடையில் ஒரு துவக்கை வாங்கினாய். எனக்கு அது காணாது, நானே ஒன்றைப் பொருத்த வேண்டும். வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸிலிருந்து டவுன்டவுனுக்கு வேலைக்குப் போகிற நீண்ட பஸ் பயணத்தில், ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ பார்த்தே எல்லாம் படித்தேன். துவக்கின் உடலை ஒருவரிடம் வாங்கினேன், குழலை இன்னொருவரிடம், போல்ட்டை மூன்றாமவரிடம். எல்லாவற்றுக்கும் கடதாசி இருந்தது, பதிவு இருந்தது. தோளில் வைக்கிற கட்டையை மேப்பிள் மரத்தில் நானே செதுக்கினேன். அப்பாவின் கார் அந்தப் பனிக்காலம் முழுக்கக் கராஜுக்கு வெளியே நனைந்தது.

அம்மா மட்டும் கராஜ் வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. "துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ இஞ்ச இருந்து செய்யிறியோ?" என்றா. கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டா. துவக்குப் பெட்டியின் திறப்பு அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் தாலியோடு தொங்கும். சனிக்கிழமைக் காலையில் மட்டும் கழற்றித் தருவா.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த இலையுதிர்காலச் சனிக்கிழமை வந்தாய். 'இன்று முதல் சூடு' என்று நான் எங்கள் குரூப்பில் போட்டிருந்தேன், தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர் வந்திருந்தார்கள். நீ கோப்பிக் கோப்பையோடு வந்து என் துவக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தாய்.

"மச்சாள், உடம்பில என்ன நம்பர் கிடக்கு?"

வாசித்துச் சொன்னேன்.

"போல்ட்டில?"

அது வேறு நம்பர். அதுவரை நான் அதைப் பார்த்திருக்கவில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

"அப்ப இது வேறை துவக்கின்ர போல்ட்."

"அதுக்கென்ன? எல்லாரும் மாத்திப் போடுறவை."

"குழலுக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி அளந்துபோட்டு மாத்துறவை. நீ அளந்தனியோ?"

"ஓம்."

"எதாலை?"

"ரவைக் கோதுக்குப் பின்னால செலோடேப் ஒட்டிப் பாத்தனான். வீடியோவில அப்பிடித்தான் காட்டினவங்கள்."

நீ கோப்பியைக் கீழே வைத்தாய். "விசரி. செலோடேப்பால அளந்துபோட்டுக் கன்னத்தில வைச்சுச் சுடப் போறாய். முதல் சூட்டை டயரில கட்டிச் சுடு. பின்னால நிண்டு நூலால இழு."

"நூல் கட்டி இழுக்க இதென்ன கட்டுத்துவக்கோ?"

அந்தச் சொல்லை முதலில் சொன்னது நான்தான். வன்னியில் பன்றிக்கு வைப்பார்களே, பாதையில் நூல் கட்டி, பன்றி தட்டினால் தானே வெடிக்கிற துவக்கு. அதை நீயும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. வீட்டில் பெரியவர்கள் கதைத்துக் கேட்டதுதான். நீ சிரித்தாய். குளிரில் ஸ்டார்ட் வராத கார் மாதிரி இழுத்து, நின்று, திரும்ப இழுக்கிற அந்தச் சிரிப்பு. சுற்றி நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் ரேஞ்ச் ஒபிசர் "செஸ்ஸே லெ ஃபூ", சூட்டை நிறுத்துங்கள், என்று பிரெஞ்சில் கூப்பிட்டா. சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். இலக்குத் தாளை மாற்றிவிட்டு ஆட்கள் திரும்பும்வரை ஒருவரும் ஒரு துவக்கையும் தொடக்கூடாது. ரேஞ்சில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. நீ கோட்டைத் தாண்டினாய். என் துவக்கிலிருந்து போல்ட்டை உருவினாய். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கார் நிற்கிற பக்கமாக நடந்தாய்.

"அவன் துவக்கைத் தொட்டுவிட்டான்" என்று நான் பிரெஞ்சில் கத்தினேன்.

தமிழில் கத்தியிருக்கலாம். தமிழில் கத்தியிருந்தால் உனக்கும் எனக்கும் மட்டும் விளங்கியிருக்கும். ஒபிசர் அன்றைக்கே உன் அங்கத்துவத்தை வெட்டினா. டோர்வலில் கிழமை முழுக்கப் பெட்டி தூக்குகிற உனக்குச் சனிக்கிழமை ரேஞ்ச் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பிரெஞ்சில் கத்தினேன்.

நீ சும்மா விட்டாயா? காருக்குப் போகிற வழியில் போனைத் திருப்பிப் பிடித்து என்னை எடுத்திருந்தாய். போல்ட் இல்லாத துவக்குக்குப் பக்கத்தில் நின்று "என்ர சாமானைத் தாடா" என்று நான் கத்துகிறேன். உன் முகம் அதில் இல்லை, சிரிப்பு மட்டும் கேட்கிறது. 'மச்சாளின் கட்டுத்துவக்கு' என்று தலைப்பு வேறு போட்டு அன்றைக்கே குரூப்பில் விட்டாய். அது ரொறொன்ரோவுக்குப் போய், லண்டனுக்குப் போய், சுற்றி அம்மாவின் போனுக்கே வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் ஒரு கலியாண வீட்டில், முன்பின் தெரியாத ஒரு அங்கிள் சோற்றுத் தட்டோடு வந்து "என்ன தங்கச்சி, பண்டி சுட்டாச்சோ?" என்று கேட்டார். அம்மா இரண்டு மாதம் திறப்பைத் தரவில்லை.

அதைக் கண்ட அன்று பின்னேரமே நான் குரூப்பை விட்டு விலகியிருந்தேன். உன்னை எல்லா இடத்திலும் பிளாக் செய்தேன். அம்மாவின் போனில் இருந்த அந்த வீடியோவை என் கையாலேயே அழித்தேன்.

பிறகு ஒரு பனிக்காலக் காலை. வேலைக்குப் போகும் வழியில் வீதியெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. உன் கார் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

செத்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ முகத்தில் வெடிக்கும் என்றாய், நான் வெடிக்காது என்றேன். அந்தக் கதை முடியாமலே நீ போய்விட்டாய். அதுவும் என் போல்ட்டை வைத்துக்கொண்டு. பெட்டிக்குள் கிடக்கிறவனிடம் அதை எப்படிக் கேட்பது? அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் மாமி வாசிப்பா. அதனால் விடுகிறேன்.

இன்று காலை ரேஞ்ச் முழுக்கச் சேறு. அம்மா திறப்பைக் கழற்றித் தந்தா. என் திட்டம் இதுதான்: போல்ட்டைப் போடுவேன், துவக்கைத் தோளில் வைப்பேன், சுடுவேன். உன் நூற்கண்டைச் சுற்றுப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டுச் சுடுவேன். நீ பிழை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதற்காகவே நூலைக் கொண்டுபோனேன்.

ஒபிசர் என்னைக் கண்டதும் வந்தா. துவக்கைப் பார்த்தா, இரண்டு நம்பரையும் பார்த்தா. "டயரில் கட்டித்தான் முதல் சூடு. இல்லையென்றால் துவக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ" என்று பிரெஞ்சில் சொன்னா. எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். அவ அசையவில்லை. வீட்டுக்குப் போயிருந்தால் வெடிக்குமா வெடிக்காதா என்பது கடைசிவரைக்கும் தெரியாது. டயர் ரேஞ்சில் கிடந்தது. நூல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதைப் பிரித்தேன். நீ போட்ட முடிச்சை அவிழ்க்கப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

டயரில் துவக்கைப் பட்டியால் இறுக்கி, விசையில் நூலைக் கட்டி, ஒரு ரவை போட்டுவிட்டுக் கொங்கிறீட் சுவருக்குப் பின்னால் போனோம். யாரோ பின்னால் நின்று "கட்டுத்துவக்கு" என்று மெல்லச் சொன்னான். ஒருவன் போனை உயர்த்தினான். இழுத்தேன். நூல் தொய்ந்து வந்தது. திரும்ப இழுத்தேன்.

சத்தம் சரியில்லை. அடுத்த லேனில் சுடும்போது வருகிற அந்தச் சுத்தமான சத்தம் இல்லை. பட் என்று ஒன்று, அதற்குப் பின்னால் குக்கர் மூச்சுவிடுகிற மாதிரி ஒன்று.

ஒபிசர்தான் முதலில் போனா. போல்ட் திறக்க மறுத்தது, உள்ளங்கையால் தட்டித் திறந்தா. வெளியே விழுந்த கோதின் பின்விளிம்பு, கத்தியால் குத்தித் திறந்த டின் மூடி மாதிரி கிழிந்திருந்தது. கட்டையில் என் கன்னம் படுகிற இடத்துக்கு நேர் மேலே ஒரு கரி இழுப்பு. அதன் நடுவில் கடுகளவு பித்தளைத் துண்டு ஒன்று மரத்துக்குள் இறங்கியிருந்தது. நான் உப்புத்தாள் போட்டு உப்புத்தாள் போட்டு மினுக்கின இடம். தொட்டுப் பார்த்தேன், வெளியே வரவில்லை. என் வலது கண் அதற்கு எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும் என்று விரலால் அளந்து பார்த்தேன். இரண்டு விரல்.

ஒபிசர் கோதை என் கையில் வைத்து மூடினா.

"போன வருசம் இதைச் சொன்னது உன் மச்சான்தானே?"

"உவி" என்று தலையாட்டினேன்.

"வெளியேற்றும் கடிதத்தை நான்தான் எழுதினேன்" என்றா. நான் டயருக்கு ஒரு உதை விட்டேன்.

சரி மச்சான். நீ சொன்னது சரி. ஆனால் சரியாகச் சொன்னவன் சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். ஆட்களுக்கு முன்னால் சொல்லாமல் காருக்குள் வைத்துச் சொல்லியிருக்கலாம். என்னை உலகத்துக்கே பண்டிச் சுடுகாரி ஆக்காமல் இருந்திருக்கலாம். என் கண்ணைக் காப்பாற்றினாய் என்பதற்காக அதையெல்லாம் மறக்க மாட்டேன். இரண்டும் நீதான்.

வரும் வழியில் மாமி வீட்டுக்குப் போனேன். கோதை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா.

"இதுக்குத்தானோ நீங்கள் ரெண்டு பேரும் கதைக்காமல் இருந்தனீங்கள்?"

"ஓம் மாமி."

"அவன் அந்த வீடியோவை அண்டைக்குப் பின்னேரமே அழிச்சவன். குரூப்பில எழுதினவனாம். நீ பாக்கேல்லையோ?"

"நான் விலகிட்டன்."

"ஓ. அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். எழுதினன், அவள் அதுக்குள்ள போயிட்டாள் எண்டு."

மாமி உன் போனை எடுத்துத் தந்தா. நான் குரூப்பை விட்டு விலகியதற்குச் சரியாக ஏழு நிமிடத்துக்குப் பிறகு நீ எழுதியிருந்தாய்: 'வீடியோவை எடுத்திட்டன். ஆரும் அனுப்பாதேங்கோ. சிரிச்சது பிழை. போல்ட்டைக் குடுக்க மாட்டன், அது பிழையில்லை.'

மன்னிப்புக் கேட்கிற இடத்திலும் உன் வாய் குறையவில்லை. அதை மூன்று தரம் வாசித்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது மாமி அதை வாங்காமல் கேட்டா: "பிள்ளை, அந்த வீடியோ உன்னட்டை இருக்கோ? இதுக்குள்ள அவன்ர படம் நிறையக் கிடக்கு. சிரிக்கிற சத்தம் ஒரு இடத்திலயும் இல்லை."

இல்லை என்று சொன்னேன். அழித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் போல்ட்டை ஒபிசரிடமே விட்டுவிட்டேன். புதியது வாங்கி, தெரிந்த ஆளிடம் கொடுத்து அளந்துதான் போடுவேன். அப்போதும் முதல் சூடு டயரில்தான். கட்டையில் இறங்கின பித்தளையைக் கிண்டி எடுக்கப் போவதில்லை, கன்னத்தில் உறுத்தட்டும். கோது என் ஜக்கெட்டின் உள்பையில் இருக்கிறது. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, நீயும் என்னை மன்னிக்க வேண்டாம், நான் பிரெஞ்சில்தான் கத்தினேன்.

குரூப்பில் திரும்பச் சேர்ந்துவிட்டேன். இதை அங்கேதான் போடுகிறேன். இனி உங்களுக்கு, இதை வாசிக்கிறவர்களுக்கு. அவன் அனுப்பாதேங்கோ என்று சொன்ன பிறகும் அனுப்பினீர்களே, அனுப்பிச் சிரித்தீர்களே, கலியாண வீட்டில் பண்டி கேட்டீர்களே, உங்களில் யாருடைய போனிலாவது அது இன்னும் கிடக்கும். ரொறொன்ரோவில் கேளுங்கள், லண்டனில் கேளுங்கள், உங்கள் அம்மாமாரின் போனில் தேடுங்கள். இதை எல்லோருக்கும் அனுப்புங்கள். நான் கத்துகிற பகுதியை வெட்ட வேண்டாம். பாட்டுச் சேர்த்திருந்தால் அது வேண்டாம், முதல் வந்ததுதான் வேண்டும்.

கிடைத்தால், சத்தத்தோடு அனுப்புங்கள்.