காரின் பின்பக்க சஸ்பென்ஷனை மாட்டியது யார்

டெஸ்மண்ட்,

நேற்றைய ஸ்டூ ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சுடவைக்கவாவது உனக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

உன் கிளப் நண்பர் ரூபர்ட்டிடம் நேற்று போனில், “ஜாகுவாரோட பின் சஸ்பென்ஷன் பூரா நானே மாட்டிட்டேன்ப்பா, மேவிஸ் சும்மா டார்ச் புடிச்சா” என்று நீ அளந்தது கராஜ் வரைக்கும் கேட்டது. ஆறு வாரம் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தவள் நான். டார்ச் பிடித்தது நீ. அதையும் என் கண்ணில்தான் அடித்தாய்.

நீ செய்த ஒரே வேலை, நான் டீ குடிக்கப் போன நேரத்தில் போல்ட்டுகளை இறுக்கியதுதான். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? காலையில் எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, மறுபடி இறுக்கினேன்.

பதினோரு மணிக்கு ரூபர்ட் வண்டியைப் பார்க்க வருகிறார். கராஜ் காலியாக இருக்கும். முதல் ஓட்டமாகக் கெனில்வொர்த் வரை நான் போகிறேன். அவருக்கு என்ன சொல்வதென்று நீயே யோசித்துக்கொள்.

மேவிஸ்

பி.கு.: பக்கத்து சீட்டை இன்னும் பொருத்தவில்லை. உன்னை எழுப்பாததற்கு அதுதான் காரணம். சாயங்காலம் வந்து பொருத்துகிறேன், நாளைக்குச் சேர்ந்து போகலாம். அதுவரை அந்த சீட்டைத் தொடாதே.