மெதுவாக நடப்பவர்களின் மீன்கள்

மார்ச் 4

நூலக மேலாளர் மறுபடியும் மனம் மாறிவிட்டார். புதுக் கட்டடத்தின் நுழைவுச் சுவரில் முழுக் கடல் வேண்டும் என்று ஆரம்பித்தவர். திமிங்கிலம், அலை, இடி எல்லாம் கேட்டார். பிறகு குளம் என்றார். இப்போது நாலு மீன் போதுமாம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஆனால் நடந்துபோகிறவரோடு அந்த மீன்கள் சுவரில் கூடவே நீந்த வேண்டும், அவர் நின்றால் நிற்க வேண்டும்.

"பாக்கறவங்க அப்படியே அசந்து போகணும் மேடம். எப்படிப் பண்ணுவீங்களோ தெரியாது."

எனக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொந்தமாகத் தொழில் செய்வது என்றால் இதுதான்.

அப்பா போனில் யாருக்கோ என் தொழிலை விளக்கிக்கொண்டிருந்தார்: "ஆள் வந்தா சுவத்துல படம் ஆடும். அதுக்கு ஒரு படிப்பு வேற."

மார்ச் 7

பிசியோதெரபிஸ்ட் வந்தார், கெஞ்சினார், போனார். அப்பாவின் உடைந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது. எக்ஸ்ரே அத்தனை அழகு. எக்ஸ்ரேக்குச் சொந்தக்காரர்தான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறார். காலமெல்லாம் ஓடுகிற ரயிலில் பெட்டி பெட்டியாக நடந்து டிக்கெட் பரிசோதித்த மனிதர்.

"அந்தக் கதவு வரைக்கும் நடங்க சார். அப்புறம் உட்காந்துக்கலாம்."

"இப்பவே உட்காந்துதான இருக்கேன். எதுக்கு நடந்து போய் உட்காரணும்?"

வாதத்தில் ஓட்டை இல்லை. வாக்கர் மூலையில் நிற்கிறது. என் துண்டு அதில் காய்கிறது.

மார்ச் 8

துண்டுக்காவது உபயோகமாகிறதே என்றார் அப்பா. சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 12

அண்ணன் போன் செய்தான். தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

"பாப்பா, நீ ஒருத்தியா எவ்வளவு நாள் அவரைத் தூக்கி உட்கார வைப்ப? அடுத்த மாசக் கடைசில கார் எடுத்துட்டு வரேன். எங்க வீட்டுப் பக்கத்துல நல்ல முதியோர் இல்லம் இருக்கு, நர்ஸ் இருக்காங்க. அதுக்குள்ள தானா நடந்தார்னா உன்கூடவே இருக்கட்டும்."

நாற்பது தாண்டிய பாப்பா சரி என்றாள். போன வாரம் குளியலறையில் அவரைத் தூக்க முடியாமல் மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டேனே. அண்ணன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

அப்பா போய்விட்டால் வீடு அமைதியாக இருக்கும், வேலை நன்றாக ஓடும் – இதை எழுதிப் பார்த்தேன். பொய் என்று எழுத்திலேயே தெரிகிறது. அவர் போகக் கூடாது.

மார்ச் 15

கூடத்திலிருந்து சமையலறை வரை போகும் நீளச் சுவரைக் காலி செய்து, புரொஜெக்டரையும் கேமராவையும் மாட்டினேன். மீன்கள் வந்தன. ஆனால் சோதிக்க ஒருவர் நடக்க வேண்டும், ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும். நான் நடந்துவிட்டு ஓடி வந்து பார்ப்பதற்குள் மீன்களும் ஓடிவிடுகின்றன. இந்தக் கூத்தை அப்பா நாற்காலியிலிருந்து காலை முழுக்க ரசித்தார்.

மாலையில் தொண்டையைச் செருமினார். "ஆள் வேணுமா?"

"வேணும்பா."

"அந்தத் துண்டை எடு."

மார்ச் 16

போகும்போது ஒரு நடை, வரும்போது ஒரு நடை. நடுவில் ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன்களும் நின்றன. அவற்றை முறைத்துப் பார்த்தார்.

பிசியோதெரபிஸ்டிடம் சொல்லக் கூடாதாம். "இது உடற்பயிற்சி இல்ல. நான் உன்கிட்ட வேலை பாக்கறேன்."

மார்ச் 21

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கறாரான வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. மீன் முந்துகிறது. மீன் பிந்துகிறது. அந்த மஞ்சள் மீன் மட்டும் ஒழுங்காக வருகிறது, மற்றதெல்லாம் டிக்கெட் எடுக்காத கும்பல். ஒவ்வொரு புகாருக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

இன்னொரு தொல்லை: நான் காபி எடுக்கக் குறுக்கே போனால் மீன்கள் அவரை விட்டுவிட்டு என் பின்னால் ஓடிவருகின்றன. "நன்றி கெட்டதுங்க" என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். வேகமாக நகர்வது எதையும் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். இப்போது மீன்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது. நூலகத்தில் மாட்டும்போது அந்த வரியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 9

மறந்துவிட்டேன்.

திறப்பு விழா. மேலதிகாரி ஒருவர் பரிவாரத்தோடு விறுவிறுவென்று வந்தார். சுவர் வெறும் சுவராக நின்றது. திரும்பி நடந்தார், இன்னும் வேகமாக. மேலாளர் கைதட்டி மீன்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். நாய்க்குட்டி என்று நினைத்தாரோ என்னவோ. அப்போது ஓர் ஆள் போனைப் பார்த்துக்கொண்டே அன்ன நடையில் வந்தான். மொத்த மீனும் கிளம்பி, தாழ்வாரக் கடைசி வரை அவனுக்கு ஊர்வலம் நடத்தியது. அவன் தலை நிமிரவில்லை.

"என்ன மேடம், மீனெல்லாம் ஆள் பாத்துதான் வருமா?" என்றார் மேலாளர்.

வயது, உயரம், நடை என்று பல மாதிரி ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டும் – இதை நான் பகுதி நேரமாக எடுக்கும் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வேன், விரலை வேறு ஆட்டிக்கொண்டு. ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் 10

நூலகத்தில் சரிசெய்துவிட்டேன். ஓடினாலும் வருகின்றன. மேலாளர் உர்ரென்று தலையாட்டினார். வேலை தப்பியது.

வீட்டுச் சுவரை மட்டும் மாற்றவில்லை. அது அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்தது.

நடந்ததை வேடிக்கையாகச் சொன்னேன், சிரிப்பார் என்று. "டிக்கெட் இல்லாதவன்தான் அவ்வளவு வேகமா நடப்பான்" என்றார். பிறகு வாக்கரை மூலைக்குத் தள்ளிவிட்டார்.

ஏப்ரல் 12

எழ மாட்டேங்கறார். நேத்தும் எழல, இன்னிக்கும் எழல. "என் நடையை வெச்சு அளந்துதான உன் மானம் போச்சு. நொண்டியை வெச்சா சோதனை பண்ணுவாங்க?" – நானா நொண்டின்னு சொன்னேன்? யாருக்கு இந்த ரோஷம்? கத்திட்டேன். அப்பான்னுகூடப் பாக்காம கத்திட்டேன். "உட்காந்தே இருங்க, அண்ணன் வந்து தூக்கிட்டுப் போவான்"னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. என் வாயை என்ன பண்றது?

வாக்கரில் துண்டைப் போடக் கை வரவில்லை. நாற்காலி மேல் காயப்போட்டேன்.

ஏப்ரல் 14

பொய் சொன்னேன். புதிதாக ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார், மெதுவாக நடப்பவர்களுக்கென்றே அவருக்கு ஒரு சுவர் வேண்டும், மகா கறாரான ஆள் என்றேன்.

"எப்படிப்பட்ட ஆளு?"

"எதைக் காட்டினாலும் குறை சொல்றவர்ப்பா."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா ஒழுங்கா பண்ணணும்" என்று கையை நீட்டினார். வாக்கரை எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 20

நூலகத்தில் பகல் முழுக்க வேலை. வரும்போது வாக்கர் கூடத்தின் இந்தக் கோடியில், அப்பா அந்தக் கோடியில் கைத்தடியோடு. நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே அழுத்தம்.

ஏப்ரல் 26

அண்ணன் நாளை வருவதாகச் சொல்லிவிட்டு இன்றே வந்து நின்றான். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அப்பாவின் குரல்: "உன் மெஷின் கெட்டுப் போச்சு. ஒரு மீனையும் காணோம். வந்து பாரு."

இன்றைக்கா கெட வேண்டும்? போட்டது போட்டபடி ஓடினேன். ஒயரைப் பார்த்தேன், கேமராவைத் துடைத்தேன், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். நானே அன்ன நடை நடந்து பார்த்தேன். மீன்கள் சமர்த்தாக என்னோடு வந்தன.

"இப்ப நடங்கப்பா."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறை வரை போனார். சுவர் வெறும் சுவராக இருந்தது. திரும்பி வந்தார். ஒரு மீன்கூட இல்லை.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் எரிச்சலோடு.

அண்ணன் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றிருந்தான். அப்போதுதான் அந்த ஒரு வரி எனக்கு ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 28

அண்ணன் கிளம்பினான். அப்பா கார் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். அந்த வரியைத் தளர்த்தி, மீன்களின் வேகத்தைக் கூட்டினேன், கொஞ்சம் தாராளமாகவே. மஞ்சள் மீனும் இப்போது சரியில்லையாம்.