ஒட்டகத்துக்காக ஒரு சண்டை

ஏனுங்க மாமா,

மேட்டூர் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அதை உங்களோடுதான் பார்த்திருக்கிறேன். இந்த முறை போகவில்லை.

எழுத வந்தது அதற்கில்லை. உங்களோடு வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சர் மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் அடங்கவில்லை.

உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒருவன் ஒட்டகம் ஓட்டி வந்தானே, அன்று தொடங்கியது. திமில் கொழுப்பை வைத்தே நாட்கணக்கில் நடக்கும், இதை மிஞ்ச ஓர் உயிர் உண்டா என்றீர்கள். மறுநாள் டீச்சர் ஒரு பட்டுப்பூச்சியை டப்பாவில் கொண்டுவந்து நம் வீட்டு மேசையில் வைத்தார்.

"சார், உங்க ஒட்டகம் பசிச்சா முள்ளாவது திங்கும். இது கூட்டை விட்டு வந்தா சாகற வரைக்கும் திங்கறதே இல்லீங்க. புழுவா இருந்தப்பத் தின்னதுதான்."

"உங்க பூச்சி நாலு நாள்ல செத்துப்போயிருங்க டீச்சர்!" என்று மேசையைத் தட்டினீர்கள்.

வருஷக்கணக்கில் ஓயவில்லை அந்தச் சண்டை. நான் டீ கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்று கேட்பேன். உங்கள் மேல் சந்தேகம் வந்ததே இல்லை. வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. என்னோடு நீங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. குழம்பில் புளி கூடினாலும் "சரி சாமி". அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்றாலும் "சரி சாமி". மறுத்துப் பேசக்கூட நான் ஓர் ஆளாகத் தெரியவில்லையா?

உங்களை எடுத்த அன்று டீச்சர் அழுதுவிட்டுக் கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் "வாரேங்க" என்றுவிட்டார். இழவு வீட்டில் சொல்கிற வார்த்தையா அது? பெண்கள் முறைத்தார்கள். எனக்கும் ஆத்திரம்தான்.

சொன்னபடியே போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தார். உங்கள் நாற்காலியைப் பார்த்தபடி, டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "என்ன இருந்தாலும் ஒட்டகந்தானுங்க பெருசு" என்றேன்.

நிமிர்ந்தார். "அதெப்படிங்க?"

"சுமை தூக்குது, பால் குடுக்குது. உங்க பூச்சி என்னத்தக் குடுத்துச்சு?"

"உங்க கல்யாணச் சேலை எங்கிருந்துங்க வந்துச்சு?"

நான் மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சேலை அதில்தான் கிடக்கிறது. இனி நான் கட்ட முடியாது. அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதோம். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே உங்கள் ஒட்டகத்தைத் தோற்கவிட மாட்டேன், சத்தியம். ஆனால் உங்களிடம் வந்து சேரும் அன்று அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு பூச்சியின் பக்கம்தான் நிற்பேன். அப்போதும் "சரி சாமி" என்று சொல்லிவிடாதீர்கள் மாமா.

சண்டைக்குக் காத்திருக்கும்
உங்கள் பொண்டாட்டி,
சரசு