முன்வாசல் வழியே போனோம், அண்ணே

என் உசிரான முத்தையா அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்று உனக்கு ஒரு சந்தோஷச் சேதி வைத்திருக்கிறேன். நேற்று மதினியும் நானும் உன் மகள் ராசாத்தியும் கிங்ஸ் சர்க்கிள் காப்பி ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆமாம், அதே ஓட்டல்தான்.

தாராவிக்கு வந்து தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ அங்கே போனாயே. திரும்பி வந்து, "காப்பி நல்லால்ல" என்று மட்டும் சொன்னாய். ஊர்க்காரன் ஒருவன் ஓட்டலில் உன் சாதியைச் சொல்லிவிட்டதையும், பின்வாசலில் தகரக் குவளையை நீட்டியதையும், நீ குடிக்காமலே வந்ததையும் உன் காரியம் முடிந்த பிறகுதான் மதினி சொன்னாள். என்னிடம் ஏன் மறைத்தாய்?

இப்போது ஓட்டலில் யாரையும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. மதினிக்குத்தான் நம்பிக்கையில்லை. வாசல்வரை வந்தவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, வேண்டாம். திரும்பிப் போயிருவோம்."

கிடங்கு வேலையில் என் கையில் ஏறியிருந்த தோல் சாயத்தைக் கல்லாவிலிருந்த முதலாளி பார்த்துவிட்டார். "பின்பக்கமா வாங்கோ" என்றார்.

"இப்படித்தான் வருவோம். சட்டம் ஒங்களுக்கும் தெரியும்லா?" என்றேன். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, அண்ணே.

ஒருவர் பாதித் தோசையோடு எழுந்து போனார். பக்கத்து மேசையில், ஆபீஸ் குமாஸ்தா போலிருந்தவர் நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்கே உட்காருங்கோ" என்றார். முதலாளி அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சப்ளையரிடம், "என்ன வேணும்னு கேளுடா" என்றார்.

எல்லோருக்கும் வரும் அதே பித்தளை டபராவில் காப்பி வந்தது. மதினி நாக்கைச் சுட்டுக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது நேற்றுத்தான். ராசாத்தி இரண்டு தோசையைத் தின்றுவிட்டு, "அத்தே, இன்னொண்ணு கேக்கட்டா?" என்று குசுகுசுத்தாள். சத்தமாகவே கேட்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினி சந்து முழுக்கக் கதை சொன்னாள். சாயங்காலத்துக்குள் அந்த முதலாளி அவள் கதையில் எங்களைக் கும்பிட்டு வரவேற்றுவிட்டார்! அடுத்த ஞாயிறு பதினோரு பெண்கள் கிளம்புகிறார்களாம்.

எல்லாம் மாறிவிட்டதென்று சொல்லமாட்டேன். ராசாத்தியைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில், இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு மறுபடியும் போகிறேன். நான் கூப்பிடாமலே மதினியும் வருகிறேன் என்கிறாள். இடம் கிடைக்கிறவரை போவோம். உன் மகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பாள். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
செல்லத்தாய்